வீட்டுக்கும் வேண்டும் நிதிநிலை அறிக்கை!

சேவூர்க் கடைவீதியில் ஒரு தேநீர்க் கடை. மாலை மங்கும் வேளை. பொதுக்கூட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பேச வந்த நாம், அதுவரை கேட்கலாம் என்று விசுப்பலகையில் அமர்ந்தோம். கையில் ஏடு, நாவில் நாட்டு நடப்பு, எதிரே சூடான தேநீர். நம் தோழர்கள் கூடினால் பேச்சுக்கா பஞ்சம்?

"அரசாங்கத்துக் கடன் எவ்வளவு தெரியுங்களா? ஒம்பது இலட்சம் கோடிக்கு மேலெ!" என்றார் ஒருவர். தலைக்கு எவ்வளவு என்று விரல் மடக்கி வகுத்துக் காட்டினார் இன்னொருவர். மூன்றாமவரோ அதற்கும் மேலே போய், அமெரிக்க நாட்டின் கடனையே அள்ளிப் போட்டார் விசுப்பலகை மீது!

நமக்கு மகிழ்ச்சி. ஒரு காலத்தில் "அரசன் கணக்கு ஆண்டவனுக்கே வெளிச்சம்" என்று கைகட்டி நின்ற ஊர், இன்று கோட்டையின் வரவையும் செலவையும் கடைவீதியில் வைத்து அலசுகிறது. இது படிப்பகங்களும் பகுத்தறிவு மேடைகளும் தந்த பரிசு அன்றோ?

ஆனாலும் ஒரு கேள்வி நெஞ்சில் எழுந்தது. மெல்லக் கேட்டோம்: "அதெல்லாம் இருக்கட்டுங்க அண்ணா, உங்க வீட்டுக் கடன் எவ்வளவுங்க?"

சிரித்தார். பிறகு சிந்தித்தார். "அது கெடக்குதுங்க. சங்கத்துல நகை இருக்குது. குழுவுல ஊட்டுக்காரி வாங்குனது கொஞ்சம். வண்டித் தவணை ஒண்ணு. தண்டல் ஒண்ணு. ஆகமொத்தம் எவ்வளவுன்னு ஒருநாளும் கூட்டிப் பாக்கலீங்க" என்றார்.

வாஷிங்டன் கடன் தெரிகிறது. வாசற்படிக் கடன் தெரியவில்லை! கோட்டைக் கணக்கு நாவில் நிற்கிறது. வீட்டுக் கணக்கு காற்றில் பறக்கிறது!

அவரைப் பழிக்க இதை எழுதவில்லை, தோழர்களே! அவர் தனியாள் அல்லர். அவிநாசியில், பெருமாநல்லூரில், பல்லடத்தில், திருப்பூரின் ஒவ்வொரு சந்திலும் அவர் இருக்கிறார். மறைப்பானேன்? நம் வீட்டிலும் சில காலம் முன்புவரை இதே நிலைதான். மேடையில் ஏறி உலகக் கணக்குப் பேசிவிட்டு, வீடு திரும்பினால் பால்காரர் பாக்கி எவ்வளவு என்று நமக்கே தெரியாது.

*

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை 1947 நவம்பர் 26ஆம் நாள் படித்தவர் யார்? கோவை மண்ணின் ஆர்.கே. சண்முகம் செட்டியார்! நாட்டுக்கே கணக்கு எழுதிக் காட்டிய கொங்கு மண், தன் வீட்டுக்குக் கணக்கு எழுதாமல் இருக்கலாமா?

இதே சேவூரில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது. நிலக்கடலை மூட்டைகள் வந்து இறங்குகின்றன. எடை போடாமல் விலை பேசுவார் எவரேனும் உண்டா? "ஏதோ ஒரு மூட்டை, எவ்வளவோ இருக்கும்" என்று எந்த உழவராவது ஏலத்துக்கு நிற்பாரா? நிற்க மாட்டார். கடலைக்கு எடை உண்டு. நம் உழைப்புக்கு? நம் வாழ்வுக்கு? அதை மட்டும் எடைபோடாமல் விடுகிறோமே, அது தகுமா?

"ஓகோ, சிக்கன உபதேசமா?" என்று சிலர் கேட்கக் கூடும். அல்ல, அல்ல, ஆயிரம் முறை அல்ல! கூலியை உயர்த்தாமல், "நீ செலவைக் குறை" என்று பாட்டாளிக்குச் சொல்வது, பட்டினி கிடப்பவனிடம் போய் விரதத்தின் பெருமையை விளக்குவது போல! அந்த அறிவுரை வழங்குவோருக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. வறுமைக்குக் காரணம் ஏழையின் ஊதாரித்தனம் என்று சொல்லிவிட்டால், கூலி கொடுப்பவர் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

நாம் சொல்வது வேறு. வள்ளுவர் வரும்வழி, போகும்வழி பற்றிய கருத்தை எந்த அதிகாரத்தில் வைத்தார்? சிக்கனம் என்ற தலைப்பிலா? இல்லை. "வலியறிதல்" என்ற அதிகாரத்தில் வைத்தார். படை நடத்தப் போகிறவன் தன் வலிமையை அறிய வேண்டும் என்று சொல்லும் இடத்திலே வரவையும் செலவையும் பேசினார். ஆம், கணக்கு என்பது களத்தில் நிற்பவன் தன் வலிமையை அறியும் வழி. அந்தப் பொருளில்தான் நாமும் பேசுகிறோம்.

அளக்க வேண்டியவை ஐந்தே ஐந்து. அவற்றுக்குப் பட்டப்படிப்பு வேண்டாம். நாமும் பள்ளிக்கூடத்தோடு நின்றவர்தாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

*

முதல் அளவு: உண்மை வருவாய்.

"வாரம் எவ்வளவு?" என்று பனியன் கம்பெனித் தோழரைக் கேட்டால், ஆர்டர் குவிந்து ஒன்றரை ஷிப்ட் ஓடிய வாரத்தைச் சொல்வார். வேலை இல்லாத வாரத்தைச் சொல்ல மாட்டார். ஒரு பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் டெய்லர், வாரம் 3,600 ரூபாய். மனைவி செக்கிங், வாரம் 2,100. ஆக 5,700. நல்லது. ஆனால் ஆண்டின் 52 வாரங்களில் 40 வாரம் முழு வேலை, 8 வாரம் பாதி வேலை, 4 வாரம் வேலையே இல்லை என்றால்? ஆண்டு வருவாய் 2,50,800. அதை 52ஆல் வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 4,800 ரூபாய் சொச்சம்தான்!

அந்தக் குடும்பம் 5,700 வருகிறது என்று நம்பி வாழ்கிறது, வருவதோ 4,800. வாரந்தோறும் 900 ரூபாய் இடைவெளி. இந்த ஓட்டை வழியாகத்தான் வட்டிக்காரர் வீட்டுக்குள் நுழைகிறார். ஊதாரித்தனத்தால் அல்ல, தோழர்களே, கொழுத்த வாரத்தை ஆண்டு முழுதுக்கும் என்று எண்ணியதால்!

இரண்டாம் அளவு: மிச்சம்.

சனிக்கிழமை வாங்கிய சம்பளத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை எவ்வளவு மீந்தது? நூறு ரூபாய்க்கு ஐந்தா, பத்தா, ஒன்றும் இல்லையா? "ஒன்றும் இல்லை" என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். எழுதி வையுங்கள். மூன்று மாதம் எழுதினால், பணம் எந்தக் கதவு வழியே வெளியேறுகிறது என்று தானே தெரியும். தந்தை பெரியார் ஈரோட்டில் மண்டி நடத்தியவர். கையெழுத்துக் கேட்டு வருவோரிடமும் காசு வாங்கினார்; ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்தார். கருமி என்று சிரித்தார்கள் சிலர். அந்தக் காசு சேர்ந்து அறக்கட்டளையாக, கல்விக் கூடங்களாக நின்றபோதுதான் சிரிப்பு அடங்கிற்று!

மூன்றாம் அளவு: கடன் சுமை.

மொத்தக் கடன் எவ்வளவு என்பதைவிட, வாரச் சம்பளத்தில் எத்தனை பங்கு தவணைக்குப் போகிறது என்பதே முதன்மை. அதே குடும்பத்தில் தண்டல் 1,000, குழுக் கடன் 600, வண்டித் தவணை வாரத்துக்கு 700 என்று வைப்போம். ஆக 2,300. உண்மை வருவாயான 4,800இல் ஏறத்தாழப் பாதி! வருவாயில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை தாண்டினாலே ஆபத்து மணி அடிக்கத் தொடங்கிற்று என்று பொருள். பாதி என்றால்? உழைப்பது நீங்கள், உண்பது வட்டி!

அந்தத் தண்டலைச் சற்று உரித்துப் பார்ப்போமா? பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே" என்கிறோம். இல்லை! முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கட்டுவதால், 8,500 ரூபாய் பத்து வாரமும் நம் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் ஐயாயிரத்துக்கும் குறைவுதான் இருக்கிறது. அதற்குப் பத்து வார வட்டி 1,500, அதாவது நூற்றுக்கு முப்பது! ஆண்டில் பத்து வாரம் ஐந்து முறை வருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றைம்பதைத் தாண்டுகிறது! 2003ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் தண்டல் நடப்பது எப்படி? கூட்டிப் பார்க்கத் தெரியாத கை நீளுவதால்!

இதிலே ஒரு வேடிக்கை. "சனி பிடித்துவிட்டது, அதனால் பணம் தங்கவில்லை" என்று சோதிடரிடம் ஓடுகிறார் நம் தோழர். அவருக்கு ஐந்நூறு, எள் விளக்குக்கு ஐம்பது! அன்பரே, பிடித்தது சனி அன்று, சனிக்கிழமைத் தவணை! வானத்துக் கோளைப் பார்த்தது போதும். வட்டிக்காரர் சீட்டைத் திருப்பிப் பாருங்கள்.

நான்காம் அளவு: தாங்கும் வாரங்கள்.

நாளை காலை கம்பெனி கதவு அடைத்தால், கடன் வாங்காமல் எத்தனை வாரம் அடுப்பு எரியும்? இதுவே அளவுகளில் தலையானது.

திருப்பூர்ப் பகுதி வாங்கிய அடிகளை எண்ணிப் பாருங்கள். 2008இல் உலகச் சந்தைச் சரிவு. 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற ஆணை, சாயப்பட்டறைகள் மூடின. 2016 நவம்பர் 8 இரவு, பணம் செல்லாது என்றார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி என்றது அமெரிக்கா. பதினெட்டு ஆண்டுகளுக்குள் ஐந்து அடி! ஏதேனும் ஒன்றாவது டெய்லர் செய்த பிழையா? செக்கிங் பெண் செய்த குற்றமா? இல்லை. முடிவு எங்கோ எடுக்கப்படுகிறது. முடங்குவது இங்கே அடுப்பு!

மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அடி விழும் என்று தெரிந்த ஊரில், தாங்கும் வாரம் பூச்சியம் என்று வாழலாமா? ஆறு மாதச் செலவைச் சேர்த்து வை என்று பணக்கார நாட்டு நூல்கள் சொல்லும். நம்மால் ஆகாது. முதலில் ஒரு வாரம், அடுத்த ஆண்டு நான்கு வாரம் என்று ஏறுவோம்.

ஐந்தாம் அளவு: உள்ளதும் உரியதும்.

வீட்டில் உள்ளவற்றைக் கூட்டுங்கள். கொடுக்க வேண்டியதைக் கழியுங்கள். அடகில் கிடக்கும் நகையை முழுதாகச் சொத்தில் சேர்த்தால் அது ஏமாற்று. அதன் மேல் நிற்கும் கடனும் வட்டியும் போக மீதிதான் நம்முடையது. சென்ற பொங்கலுக்கு எவ்வளவு, இந்தப் பொங்கலுக்கு எவ்வளவு? ஏறுகிறதா, இறங்குகிறதா? தொகை சிறிதா பெரிதா என்பதைவிடத் திசைதான் முதன்மை.

இந்தக் கணக்கில் நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு, அது நம் பி.எப். மாதம் 15,000 ரூபாய் சம்பளக் கணக்கு என்றால் நம்மிடம் பிடிப்பது 12 விழுக்காடு, 1,800 ரூபாய். முதலாளி தரப்பும் 1,800 தர வேண்டும். அதில் 1,250 ஓய்வூதியத்துக்கு, 550 நம் கணக்குக்கு. பிடிக்கிறார்கள் என்பது தெரியும். கட்டுகிறார்களா என்பது தெரியுமா? கைப்பேசியிலேயே பார்க்கலாம். படம் பார்க்கும் கைப்பேசியில் பத்து நிமிடம் பாஸ்புக் பார்த்தால் என்ன? கம்பெனி மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தை எடுத்துவிடுகிறோம். பத்து ஆண்டு நிறைந்தால் கிடைக்கும் ஓய்வூதிய உரிமை அதோடு அறுந்துபோகிறது. இ.எஸ்.ஐ.க்கு நம்மிடம் பிடிப்பது முக்கால் விழுக்காடு. அதற்கு ஈடாக மருத்துவம் மட்டுமல்ல, நோயில் படுத்தால் தகுதி உடையவருக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு உண்டு. எத்தனை பேர் கேட்டு வாங்கினோம்? உரிமைப் பணம் உறங்குகிறது; நாமோ தண்டல்காரர் வாசலில் நிற்கிறோம்!

*

இனி, இவ்வளவும் எதற்காகச் சொல்லுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்று இருபத்தேழு நாள்! அடுப்பெரியாத அத்தனை நாளும் நின்ற அந்த நெஞ்சுரத்தை வணங்குகிறோம். 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறியாளர்கள் தறியை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் மீண்டும் நிறுத்தி, ஏப்ரல் வரை ஏறத்தாழ ஒரு மாதம் நின்றார்கள். கேட்டது புதுமை அல்ல. பேசிய கூலி உயர்வு கைக்கு வர வேண்டும் என்பதுதான்.

அத்தகைய போராட்டம் எங்கே முறிகிறது, தோழர்களே? பேச்சுவார்த்தை மேசையிலா? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலா? இல்லை! அடுக்களையில் முறிகிறது. அரிசிப் பானை காலியாகும் நாளில் முறிகிறது. தவணைக்காரர் வாசலில் வந்து வண்டியை நிறுத்தும் நேரத்தில் முறிகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தம் கணக்கு தெரியும். கையிருப்புத் துணி எத்தனை வாரத்துக்குத் தாங்கும் என்று தெரியும். அதோடு நிற்கவில்லை. நம் வீடு எத்தனை வாரம் தாங்கும் என்பதும் அவருக்குத் தெரியும்! தெரியாதவர் நாம் ஒருவரே! இது எந்த ஊர்ப் போர்?

கூலி கேட்கப் போகும்போதும் கணக்கே கருவி. "விலைவாசி ஏறிவிட்டது, கட்டுப்படியாகவில்லை" என்றால், "எல்லோருக்கும்தானே" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். மின்கட்டணம் இவ்வளவு, கொட்டகை வாடகை இவ்வளவு, உதிரிப் பாகம் இவ்வளவு, பாவு பிணைக்கும் கூலி இவ்வளவு, மீட்டருக்கு அடங்கும் செலவு இவ்வளவு என்று மூன்றாண்டு ஏட்டை மேசைமேல் விரித்தால்? வாய் திறப்பவர்கள் எண்ணிப் பேசுவார்கள். கண்ணீருக்கு மறுமொழி ஆறுதல். கணக்குக்கு மறுமொழி கணக்குதான்!

*

இன்னும் இரண்டு சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, கணக்கு ஏடு கணவன் பெட்டியில் பூட்டிக் கிடக்கக் கூடாது. மனைவிக்குத் தெரியாத கடன், கணவனுக்குத் தெரியாத சீட்டு, இரண்டும் வீட்டைக் கவிழ்க்கும். அவளும் கம்பெனி வேனில் ஏறிப்போய் நின்றுகொண்டே உழைக்கிறாள். குழுக் கடன் அவள் பெயரில், கையெழுத்து அவளுடையது, கேட்க வருபவர் நிற்பதும் அவள் முன்னேதான். கடனுக்கு அவள் பெயர் வேண்டும், கணக்குக்கு வேண்டாமா? திருமணத்தை எளிமையாக்கினால் கடனின் வேரே அறும் என்று சுயமரியாதைத் திருமணம் கண்டோம். 1967இல் பேரறிஞர் அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்டமும் செய்தோம். இன்று நம் தோழர்கள் சிலரே மண்டபமும் சீர்வரிசையும் என்று பத்தாண்டுக் கடனை ஒரே பகலில் தேடிக்கொள்கிறார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும், இது முறையா?

மற்றொன்று, குறுக்கு வழி. சிறுகச் சேர்த்ததை ஒரே நாளில் பெருக்கித் தருவோம் என்று வருகிறவர்களிடம் விழிப்பாயிருங்கள். திருப்பூரிலே பாசி என்ற நிதி நிறுவனம் மக்களிடம் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டி ஏமாற்றியது. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இயக்குநர் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது. பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி முதலீடு 2012இல் கவிழ்ந்தது. ஏமாந்தவர்கள் எல்லாம் படிக்காதவர்களா? இல்லை. "இந்த வட்டி எங்கிருந்து வரும்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காதவர்கள்! கடவுளையே கேள்வி கேட்ட இயக்கத்தின் பிள்ளைகள், கம்பெனிக்காரனைக் கேட்கக் கூடாதா?

*

அன்று கூட்டம் முடிய இரவு பத்தாயிற்று. மேடையிலே இதைத்தான் பேசினோம். இறங்கி வரும்போது தேநீர்க் கடைத் தோழர் எதிரே வந்தார். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பேச்சுக்கு நடுவிலேயே பெஞ்சில் உட்கார்ந்து கூட்டியிருக்கிறார்!

"இத்தனை இருக்குமுன்னு நினைக்கவே இல்லைங்க," என்றார். குரலில் கொஞ்சம் கலக்கம். பிறகு அவரே, "தெரிஞ்சு போச்சில்லீங்க, இனி ஒவ்வொண்ணா அடைச்சுப் போடலாம். தண்டலைத்தானுங்க முதல்ல வெட்டோணும்" என்றார்.

அந்தத் தோழர் அன்று தம் வலியறிந்தார். வட்டி கூடிய கடனை முதலில் வெட்ட வேண்டும் என்பதை நாம் சொல்லவில்லை. அவர் கையெழுத்தே அவருக்குச் சொல்லிற்று.

வருகிற தைத் திங்கள் முதல் நாள், பொங்கல் பானை பொங்கும் வேளையில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு திறக்கப்படட்டும். உண்மை வருவாய், மிச்சம், கடன் சுமை, தாங்கும் வாரம், உள்ளதும் உரியதும் என ஐந்து வரி எழுதப்படட்டும். கணவனும் மனைவியும் பக்கத்தில் அமர்ந்து எழுதட்டும். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கூட்டிச் சரிபார்க்கட்டும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கணக்கு. இதுவே பழக்கமாகட்டும்.

கோட்டைக் கணக்கைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, அதை விடமாட்டோம். முதலாளியின் கணக்கைக் கேட்கும் உரிமையும் உண்டு, அதையும் விடமாட்டோம். தன் கணக்கைக் கையில் ஏந்தி நிற்பவன் கேட்கும்போதுதான், அந்தக் கேள்விக்கு எடை இருக்கும்!

எடை போடுவோம் நம் உழைப்பை! எழுதி வைப்போம் நம் வலிமையை!